பாசிலா புறாவை லாரியில் ஏற்றிய கதை

“ஊருல எல்லார் வீட்டுக்கும் சவுதிலேருந்து ஏசி வருது, மிக்ஸி வருது. எங்க வீட்டுக்கு வந்தது குதிரை. அதுவும் சவுதிலேருந்து வரல, திருமயத்துலேருந்து வந்துச்சு.”

இதைச் சொல்லாமல் பாசிலாவுக்கு ஒரு பொழுதும் போனதில்லை. லத்தி அள்ளிக்கொண்டே சொல்வாள், கொள்ளு வேகவைத்துக்கொண்டே சொல்வாள், சிலிண்டர் கொண்டுவருகிறவர் வாசலில் நின்றால் அவரிடமும் சொல்வாள். அவரும் இரண்டு வருஷமாகத் தலையாட்டிவிட்டுப் போகிறார். அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் இறங்கி, குதிரை வீடு எது என்று கேட்டால் யாரும் கைகாட்டுவார்கள். அப்படிக் கைகாட்டுவது பாசிலாவுக்குப் பிடிக்காது. வீடு கட்டியது நான், பேர் மட்டும் குதிரைக்கா என்பாள்.

வீட்டைக் கட்டியது அவள்தான். அதில் பொய் இல்லை. பத்தொன்பது வயதில் நிக்காஹ் முடித்து வந்தவளுக்கு இப்போது நாற்பத்தாறு. புருஷன் ஷாநவாஸ் சவுதியில், தம்மாமில் ஒரு குடோனில் வேலை பார்க்கிறார். இந்த இருபத்தேழு வருஷத்தில் அவர் லீவுக்கு வந்து வீட்டில் இருந்த நாட்களைக் கூட்டினால் நாலு வருஷம்கூடத் தேறாது. கொத்தனாரோடு சண்டை போட்டது, கரண்டு ஆபீஸில் கால்கடுக்க நின்றது, ஒரே மகள் சாமியாவைக் காலேஜில் சேர்த்தது, அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தது எல்லாம் பாசிலா. ஷாநவாஸ் எல்லாவற்றையும் போனில் பார்த்தார்.

போன தடவை லீவுக்கு வந்தவர், திருமயம் பக்கம் குதிரைவண்டிப் பந்தயம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பஸ் ஏறினார். திரும்பும்போது குதிரையோடு வந்தார். பந்தயத்தில் முன்னங்காலில் அடிபட்டு, இனிமேல் இது ஓடாது என்று சொந்தக்காரரே கழித்துக்கட்டிய பெட்டைக் குதிரை. சாம்பல் படிந்த வெள்ளை நிறம். புறா என்று பேர் வைத்தார்.

“சின்ன வயசுலேருந்து ஆசை, பாசிலா.”

“எனக்கும் சின்ன வயசுல எம்புட்டோ ஆசை இருந்துச்சு. நான் எதையாச்சும் கயித்துல கட்டிக் கூட்டிட்டு வந்தேனா?”

அவர் சிரித்துக்கொண்டே ஒரு மாதம் அதன் காலுக்கு எண்ணெய் தேய்த்தார், குளிப்பாட்டினார், கொஞ்சினார். பிறகு திருச்சியில் விமானம் ஏறிவிட்டார். ஆசை அவருக்கு, லத்தி இவளுக்கு.

ஆரம்பத்தில் புறா அவளை மதிக்கவே இல்லை. பக்கத்துக் காலி மனையில் மேயவிட்டால், சாயங்காலம் கொட்டகைக்குத் திரும்பாது. பாசிலா முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு மனை முழுக்க அதன் பின்னால் ஓடுவாள். தெருவே வேடிக்கை பார்க்கும். ஷாநவாஸ் தினமும் சாயங்கால அஸர் தொழுகை முடித்து, பாசிலாவின் போனுக்குக் குதிரைக்கென்று ஒரு வாய்ஸ் அனுப்புவார். ஆமாம், குதிரைக்கு. பெண்டாட்டிக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை. “ஏய் புறா, புறாக்குட்டி, சாப்புட வா தங்கம். வந்துட்டியா? வந்துட்டியா?” இவ்வளவுதான் அதில் இருக்கும்.

ஒருநாள் வாளியில் கொள்ளைக் கொட்டிக்கொண்டே, என்னதான் அனுப்பியிருக்கிறார் என்று அதைத் தட்டினாள். மனையின் அந்தக் கோடியில் நின்ற புறா காதை நிமிர்த்தியது. தலையை ஆட்டிக்கொண்டு நேராக ஓடிவந்து வாளிக்குள் மூக்கை விட்டது.

பாசிலா கிடைத்ததை வீணாக்குகிறவள் இல்லை. மறுநாளிலிருந்து அதுவே முறையாகிவிட்டது. வாளியில் கொள்ளு, போனில் குரல், எதிரில் குதிரை. இரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட அவள் வெறும் வாளியை வைத்துக்கொண்டு அந்தக் குரலைப் போட்டதில்லை. காய்ச்சலில் கிடந்த நாளிலும் கொள்ளு வெந்த பிறகுதான் போனைத் தொட்டாள். அந்த விஷயத்தில் அவள் கறார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சாமியா உண்டானாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். ஏழாம் மாதம் அழைத்துவருவதற்கு நாள் பார்க்கப் போனால், சாமியாவின் மாமியார் ஹவ்வா உம்மாள் டீயைக் கொடுத்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தார்.

“புள்ளைய அனுப்ப எங்களுக்கு என்ன, சம்பந்தி. ஆனா அவ படுக்கப்போற ரூம் ஜன்னலுக்கு அங்கிட்டுதான் குதிரை நிக்குது. ஈ எம்புட்டு மொய்க்குது. பச்சப்புள்ள கெடக்குற எடம். ஒங்களுக்குத் தோதுப்படலைன்னா சொல்லுங்க, பிரசவத்த நாங்களே பாத்துக்குறோம்.”

குதிரையையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள், மருமகளுக்குத் துணையாக இருக்கும் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பாசிலா டீயோடு சேர்த்து விழுங்கினாள்.

“குதிரை போயிரும்” என்றாள். “புள்ளைய அனுப்புங்க.”

வீட்டுக்கு வருவதற்குள் முடிவெடுத்துவிட்டாள். திருவரங்குளத்தில் செவந்தி என்று ஒரு பெண் இருந்தாள். அவளும் அவள் வீட்டுக்காரரும் தென்னந்தோப்புக்குள் லாயம் போட்டு, பந்தயக் குதிரை, கல்யாண ஊர்வலக் குதிரை என்று அடுத்தவர்களின் குதிரைகளை மாதக்கணக்கில் வைத்துப் பராமரிக்கிறார்கள். போனில் பேசி, ஒரு இடம் இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் பாசிலா தம்மாமுக்குச் சொன்னாள்.

“புள்ள பொறந்து நாப்பது நாளு வரைக்கும்தானே?” என்று கேட்டார் ஷாநவாஸ்.

“அம்புட்டுதான். புள்ள பொறந்து, நாப்பது கழிஞ்சா கூட்டிட்டு வந்துரலாம்.”

“அதுக்குப் புது எடம் பயமா இருக்கும்.”

“எனக்கும்தான் இந்த வீடு ஒரு காலத்துல புது எடம். இருந்துக்கலையா.”

போனை வைத்த கையோடு கொத்தனாரைக் கூப்பிட்டாள். குதிரை போன மறுநாளே வந்து கொட்டகையைப் பிரித்துவிடச் சொன்னாள். அந்த இடத்தில் துணி துவைக்கிற மேடையும் ஒரு பாத்ரூமும் வேண்டும் என்று அவள் ரொம்ப நாளாக நினைத்திருந்தாள். நாற்பது நாள் கணக்கு ஷாநவாஸுக்கு மட்டும்தான் இருந்தது.

குதிரையைத் தயார் பண்ண மூன்று நாள் ஆனது. கால்நடை டாக்டரை வரவழைத்து ஊசி போட்டு, நோய் ஒன்றும் இல்லை என்று சீட்டு வாங்கினாள். அது இல்லாமல் செவந்தி உள்ளே விடமாட்டாள். லாடக்காரரை வரவழைத்துக் குளம்பைச் சீவவைத்தாள். சாமியா விட்டுப்போன ஷாம்பூவை முழுசாகக் கவிழ்த்துக் குளிப்பாட்டினாள். வாலைச் சிக்கெடுத்தாள். பிறகு மூட்டை கட்டினாள். தேய்க்கிற பிரஷ், இரண்டு கயிறு, கால் வலிக்கு எண்ணெய், குளிருக்குப் போர்த்துகிற பழைய கம்பளி, வெல்லக்கட்டி ஒரு டப்பா. சாமியா போனில் கேட்டுவிட்டுச் சிரித்தாள். “எனக்கே இம்புட்டுச் சீர் நீ கட்டலம்மா.”

“ஒனக்குப் பேச வாய் இருக்கு. கேட்டு வாங்கிக்குவ.”

அந்த மூட்டையையும், அரை மூட்டைக் கொள்ளையும், வாளியையும், தெரிந்த ஆட்டோக்காரரிடம் கொடுத்து முந்தின நாளே திருவரங்குளத்துக்கு அனுப்பிவிட்டாள். குதிரையை ஏற்றுகிற அவசரத்தில் மூட்டையை எவன் தூக்குவான் என்பது அவள் யோசனை. எந்த வேலையையும் அப்படித்தான் முன்கூட்டியே முடித்துவைப்பாள். அந்தச் சாமர்த்தியம்தான் அவளைக் கவிழ்த்தது.

மினி லாரி ஓட்டிவந்தவர் பேர் திருப்பதி. மாடு ஏற்றுகிறவர். குதிரையை ஏற்றிப் பழக்கமில்லை என்பதை வந்த பிறகுதான் சொன்னார். வாய்க்கால் கரை மேட்டில் லாரியின் பின்பக்கத்தைச் சேர்த்து நிறுத்தி, இடைவெளிக்குப் பலகை போட்டு, அதன்மேல் வைக்கோல் பரப்பினார்கள். புறா பலகை வரைக்கும் நல்லபடியாக வந்தது. முன்னங்காலை வைத்தது. பலகை ‘டொக்’ என்றதும் பின்வாங்கியது. மறுபடி கூட்டிவந்தார்கள். மறுபடி பின்வாங்கியது. நாலு பேர் கயிற்றை இழுத்தார்கள், இரண்டு பேர் பின்னால் கைகோத்துத் தள்ளினார்கள். அரை மணி நேரம் ஆகிவிட்டது. புறாவின் உடம்பெல்லாம் வியர்வை. ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டியதற்கு அர்த்தமே இல்லை.

“அக்கா, ரெண்டு போட்டா ஏறிரும்” என்று திருப்பதி கம்பை எடுத்தார்.

“ஒன்னைய ரெண்டு போட்டா நீ ஏறுவியா, தம்பி?”

“நான் எதுக்கு ஏறணும், நான் டிரைவரு.”

கூட்டம் சிரித்தது. பாசிலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு மூன்று மணிக்குச் சம்பந்தி வீட்டிலிருந்து ஆள் வந்து ரூமைப் பார்ப்பதாக இருந்தது. வெயில் வேறு ஏறிக்கொண்டிருந்தது. அடிபட்ட முன்னங்காலை மறுபடி மடக்கிப் புறா விழுந்தால் ஷாநவாஸுக்கு என்ன பதில் சொல்வது என்ற பயமும் இருந்தது.

“எல்லாரும் தள்ளி நில்லுங்க” என்றாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு லாரிக்குள் ஏறி, முன்பக்க மூலைக்குப் போனாள். போனை எடுத்துச் சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

“ஏய் புறா, புறாக்குட்டி, சாப்புட வா தங்கம். வந்துட்டியா? வந்துட்டியா?”

புறாவின் காது நிமிர்ந்தது. யாரும் இழுக்கவில்லை, யாரும் தள்ளவில்லை. பலகையில் நாலு அடி வைத்து, லாரிக்குள் ஏறி, நேராக அவளிடம் வந்தது. திருப்பதி படாரென்று பின்கதவைச் சாத்திக் கொக்கியை மாட்டினார்.

புறா அவள் கையில் மூக்கை வைத்தது. கை காலி. போனை முகர்ந்தது. அவள் மடியை முட்டியது. அவளைத் தாண்டி மூலைக்குப் போய், வைக்கோலைக் கிளறிப் பார்த்தது. இன்னொரு மூலைக்குப் போனது. வாளி திருவரங்குளத்தில் இருந்தது. ஒரு பிடி கொள்ளு, ஒரு துண்டு வெல்லம், எதுவுமே அவளிடம் இல்லை. அதற்குப் பிறகுதான் புறா கதவு சாத்தியிருப்பதைப் பார்த்தது.

“அருமையான ஐடியாக்கா. இத மொதல்லயே செஞ்சிருக்கலாம்ல” என்று கீழேயிருந்து கத்தினார் திருப்பதி.

பாசிலா பக்கவாட்டில் ஏறிக் குதித்து, முன்சீட்டில் போய் உட்கார்ந்தாள். “வண்டிய எடு.”

கீரமங்கலம் கடைத்தெருவில் நிறுத்தச் சொல்லி ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினாள். கம்பி வழியாக நீட்டினாள். புறா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது. மிச்ச வழி முழுக்கத் திருப்பதிதான் ஒவ்வொரு பழமாக உரித்துத் தின்றுகொண்டு வந்தார். ஆலங்குடி தாண்டும்போது, “என்னக்கா, பேச்சையே காணோம்” என்றார். வழக்கமான நாளாக இருந்தால் அவர் காது கிழிந்திருக்கும். அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை.

செவந்தி கெட்டிக்காரி. புறாவை ஓரமாகத் தனியே கட்டினாள், தண்ணீர் காட்டினாள், ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“குதிரைக்கு என்னென்ன பழக்கம்னு சொல்லுங்கக்கா, எழுதிக்கிறேன்.”

பாசிலா சொன்னாள். கொள்ளு ரொம்பக் குழையக் கூடாது, விரலால் நசுக்கினால் நசுங்கணும், அவ்வளவுதான். இடதுபக்கம் நின்று கட்டணும், வலதுபக்கம் போனால் அடிபட்ட காலைத் தூக்கிக்கொள்ளும். பச்சைத் தண்ணி குடிக்கும், குளோரின் வாடை வந்தால் தொடாது, பிடித்து ஒருநாள் வைத்திருந்துதான் கொடுக்கணும். பட்டாசு சத்தத்துக்குப் பயம். நாய்க்குப் பயம் இல்லை, ஆனால் குடைக்குப் பயம். மழை நாளில் முழங்காலுக்கு எண்ணெயைச் சூடு பண்ணித் தேய்க்கணும், அப்போது தலையை நம் தோளில் வைத்துக்கொள்ளும், பயந்து விலகிவிடக் கூடாது. செவந்திக்கு நாலு பக்கம் ஆகிவிட்டது.

“அக்கா, நீங்க குதிரைய விட வந்தீங்களா, புள்ளைய ஹாஸ்டல்ல சேக்க வந்தீங்களா?”

பாசிலா எழுந்துகொண்டாள். குரல் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் காலையில் நடந்ததையும் சொல்ல வேண்டும்.

மறுநாள் கொட்டகையைப் பிரித்தார்கள். சாமியா வந்து இறங்கினாள். மூன்றாம் நாள் சாயங்காலம் செவந்தி போன் பண்ணினாள். காலையில் புல் தின்கிறது, சாயங்காலம் கொள்ளை வைத்தால் தொடமாட்டேன் என்கிறது, காதை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறது, என்னவோ எதிர்பார்க்கிறது என்றாள். பாசிலாவுக்கு விளங்கியது. “ஒரு வாய்ஸ் அனுப்புறேன், கொள்ளு வைக்கையில அதப் போடு” என்றாள். வேறு விளக்கம் கொடுக்கவில்லை. அனுப்பினாள்.

பத்து நிமிஷத்தில் செவந்தி மறுபடி கூப்பிட்டாள்.

“என்னக்கா இது? அந்தக் குரலக் கேட்டதும் குதிரை பின்னுக்குப் போயி செவுத்தோட ஒட்டிக்கிச்சு. கயித்தை அத்துக்கப் பாக்குது. யாரு அந்த ஆளு? அடிச்சு வளத்த ஆளா?”

பாசிலா கொட்டகை இருந்த இடத்தில் கிடந்த செங்கல் குவியலில் உட்கார்ந்தாள். அடித்து வளர்த்த ஆளா என்று கேட்டுவிட்டாள். அந்த மனுஷன் அதை ஒரு அதட்டுகூட அதட்டியதில்லை. பேரப்பிள்ளை பிறந்ததும் லீவு போட்டு வரப்போகிறார். வந்தால் முதலில் புறாவைப் பார்க்கத்தான் ஓடுவார். வாசலில் நின்று கூப்பிடுவார். அது சுவரோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டு வருஷமாக அவர் குரலுக்கு அவள் கொள்ளு வைத்துச் சேர்த்த பேரை, ஒரே காலையில் அவளே அழித்துவிட்டாள்.

செவந்தியிடம் அப்போதே நடந்ததைச் சொன்னாள். செவந்தி முழுசையும் கேட்டுவிட்டு, “சரிக்கா, நான் போனே இல்லாம வச்சுப் பாக்குறேன்” என்றாள். சத்தமில்லாமல் வாளியை வைத்துவிட்டு நகர்ந்தபோது புறா கொஞ்சம் தின்றது. வயிற்றுக்கு ஆபத்தில்லை என்று ஆனது. ஆனால் தம்மாமிலிருந்து தினமும் அஸருக்குப் பிறகு குரல் வந்துகொண்டே இருந்தது. புதுப்புதுசாக. “புறா, புது வீடு புடிச்சிருக்கா தங்கம்?” என்று ஒன்று. பிறகு இவளுக்கு: “கேட்டுச்சா? என்ன பண்ணுச்சு?”

“கேட்டுச்சு” என்று மூன்று நாள் எழுதினாள். “தலையாட்டுச்சு” என்றுகூட ஒருநாள் எழுதினாள். எழுதிவிட்டு அன்றைக்கு மீன் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். சாமியா ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினாள்.

“என்னம்மா ஆச்சு ஒனக்கு? நான் வந்ததுலேருந்து நீ குதிரையத் திட்டவே இல்ல.”

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஷாநவாஸுக்கு லீவு. ஜும்மா தொழுகை முடிந்து ரூமுக்கு வந்திருப்பார் என்று கணக்குப் பண்ணிப் பாசிலா கூப்பிட்டாள்.

“என்னங்க, ஒன்னு சொல்லணும். திட்டுறதா இருந்தா நான் முடிச்சப்புறம் திட்டுங்க.”

சொன்னாள். வாய்க்கால் கரை, பலகை, கம்பு, போன், எல்லாம். அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“வாளி காலியாவா இருந்துச்சு?”

“வாளியே இல்ல. முந்தின நாளே அனுப்பிட்டேன்.”

“தலையாட்டுச்சுன்னு எழுதுனியே.”

“பொய்யி.”

“கூட்டிட்டு வந்துருவோம் பாசிலா. நாப்பது கழியட்டும், வந்தா சரியாப் போயிரும்.”

“கொட்டகைய இடிச்சுட்டேன். நாப்பது நாளும் பொய்யிதான். மொதல்லயே அப்படித்தான் நெனச்சேன்.”

“அடிச்சே ஏத்திருக்கலாம்” என்றார் அவர். “அடிச்சா திருப்பதி மேல கோவமா இருந்திருக்கும். இப்ப எம் மேலதானே கோவமா இருக்கு.” போனை வைத்துவிட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பாசிலா பதிலுக்கு நாலு கொடுத்து மனசு ஆறியிருப்பாள்.

மறுநாள் அஸருக்குப் பிறகு குரல் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. இரண்டாம் நாள் மாலை அவள்தான் எழுதினாள்: “அனுப்புங்க. நானே போறேன். கொள்ளோட போறேன்.” ஒரு மணி நேரம் கழித்து ஒன்று வந்தது. “ஏய் புறா” என்பதோடு நின்றுவிட்டது.

அந்தப் புதன்கிழமை முதல் பாசிலா போகிறாள். வீட்டில் வேகவைத்த கொள்ளைத் தூக்குவாளியில் கட்டிக்கொண்டு, ஆலங்குடி பஸ் ஏறி, அங்கே மாறி, திருவரங்குளத்தில் இறங்கித் தோப்புக்கு நடக்கிறாள். ஞாயிறும் புதனும். சாமியாவுக்குத் துணைக்கு அந்த இரண்டு நாளும் சம்பந்தி ஹவ்வா உம்மாளே வந்து உட்கார்ந்துகொள்கிறார். குதிரையைத் துரத்தியவர் தான்தான் என்று அவருக்கும் கொஞ்சம் உறுத்தல் போல. அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. முருங்கைக்கீரை ஆய்ந்து வைத்துவிட்டுப் போகிறார்.

முதல் இரண்டு தடவை பாசிலா போனையே எடுக்கவில்லை. வாளியை வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். மூன்றாவது தடவை, அது தின்றுகொண்டிருக்கும்போது, போனைத் துணியில் சுற்றி, காதுக்கு எட்டியும் எட்டாததுமாக அந்தக் குரலைப் போட்டாள். புறா வாயை எடுத்தது. பின்னால் இரண்டடி வைத்தது. வாளியைப் பார்த்தது, அவளைப் பார்த்தது. வாளி அப்படியே இருந்தது. ரொம்ப நேரம் கழித்துத் திரும்பி வந்தது. நாலாவது தடவை ஒரே ஒரு அடிதான் பின்னால் போனது. போன புதன்கிழமை ஐந்தாவது தடவை. போகவே இல்லை. ஆனால் குரலைக் கேட்டு வரவும் இல்லை. வாளியைப் பார்த்துத்தான் வந்தது.

“கூப்புட்டா வாரேன்னு சொல்ல மாட்டேங்குது செவந்தி” என்றாள் பாசிலா. “வந்துருச்சுல்லக்கா” என்றாள் செவந்தி. “அது வேற, இது வேற” என்று சொல்லிவிட்டுப் பாசிலா பஸ்ஸுக்கு நடந்தாள். ஷாநவாஸுக்கு நடந்ததை நடந்தபடி எழுதினாள். இப்போதெல்லாம் அப்படித்தான் எழுதுகிறாள். அவரும் பதிலுக்கு ஒரு வரி எழுதுகிறார். முன்னைப் போல இன்னும் ஆகவில்லை.

சாமியாவுக்கு அடுத்த மாதம் இருபதாம் தேதி என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பிள்ளை பிறந்துவிட்டால் பாசிலா வீட்டைவிட்டு நகர முடியாது. அதற்குள் இன்னும் எத்தனை ஞாயிறு, எத்தனை புதன் என்று காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். திருவரங்குளம் கோயிலுக்கு வருகிறவர்கள், ஆலங்குடிப் பக்கம் கல்யாணம் காட்சி என்று போகிறவர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குமேல் செவந்தியின் தோப்புக்குள் எட்டிப் பாருங்கள். சாம்பல் குதிரைக்குக் கொஞ்சம் தள்ளி, சேலையைச் செருகிக்கொண்டு, போனைத் துணியில் சுற்றிப் பிடித்தபடி ஒரு பொம்பளை நிற்பாள். அவள்தான் பாசிலா. சத்தம் போடாமல் போங்கள். வெயிலுக்குக் குடை பிடித்திருந்தால் வாசலிலேயே மடக்கிவிடுங்கள். கிட்டே போனதும், இங்கே என்ன வேடிக்கை என்று அதட்டுவாள். அதை மனசில் வைத்துக்கொள்ளாமல் கொஞ்ச நேரம் அவளோடு நின்றுவிட்டு வாருங்கள்.